பொணக்களியில் ஜெயித்தவன்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்று பத்துக்கு என் மகளின் போனைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டினேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான். நேரம் நன்றாக நினைவிருக்கிறது. பூட்டிவிட்டு சுவர்க்கடிகாரத்தைக் காட்டி, "ஏழு மணிக்குத்தான் இனி இது உனக்குக் கெடைக்கும்" என்று சொல்லியிருந்தேன்.

ஏன் பூட்டினேன் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என்னைப்போல ஐம்பதைத் தாண்டியவர்கள். கல்லூரிக்குப் போகும் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவர்கள். அதன் முகத்தைவிட அது பிடித்திருக்கும் போனின் முதுகை அதிகம் பார்ப்பவர்கள். பூசை முடிந்து வந்ததும் தரையில் குப்புறப் படுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். எங்கெங்கோ இருக்கும் மூன்று பேரோடு சேர்ந்து துப்பாக்கி விளையாட்டு. தட்டில் போட்டுவைத்த சோற்றின்மேல் மீன்குழம்பு காய்ந்து விளிம்பு கட்டிவிட்டது. இவள், "ரைட்டுல ஒருத்தன். கல்லுக்குப் பின்னால. போவாத. நில்லு. நீ எங்க இருக்க? இங்கன்னா எங்க?" என்று அதட்டிக்கொண்டிருந்தாள். அழகான குரல்தான். அதை வைத்துக்கொண்டு பைபிள் வாசகம் வாசிக்கச் சொன்னால் கோயிலில் வாயே திறக்காது.

"இந்த வெளையாட்டு நாளைக்கு ஒனக்கு சோறு போடுமாட்டி?" என்று கேட்டேன்.

"நீ சின்னதுல வெளையாடுனது இப்ப ஒனக்கு சோறு போடுதா?" என்றாள்.

அதற்குத்தான் பிடுங்கினேன்.

ஒன்று நாற்பத்தாறுக்கு என் போனில் தம்பி கூப்பிட்டான். அவன் வீடு நான்கு வீடு தள்ளி. மருமகளுக்கு எப்போதும் அவன்தான் வக்கீல். இவள் மாடி வழியாகப் போய் மாமாவிடம் முறையிட்டிருப்பாள் என்று நினைத்து அழைப்பைத் துண்டித்தேன். மறுபடி கூப்பிட்டான். மறுபடி துண்டித்தேன். மூன்றாவது தடவை அடித்து ஓயும்வரை விட்டு, போனைக் கவிழ்த்து வைத்தேன். அவன் கடலில் இருப்பான் என்று என் புத்திக்கு எட்டவில்லை. எட்டவும் வழியில்லை. எங்கள் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை யாரும் கடலுக்குப் போவதில்லை. ஊர்க் கட்டுப்பாடு அது. மீறினால் தெண்டம். தெண்டத்தைவிடப் பெரிது, கோயில் பங்குச் சனம் முழுக்கத் திரும்பிப் பார்ப்பது.

படுத்தேன். தூக்கம் வரவில்லை. அவள் கேட்ட கேள்வி உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. சின்ன வயதில் என்ன விளையாடினோம், அது எதற்கு உதவியது என்று யோசித்தபோது பொணக்களி நினைவுக்கு வந்தது. படுத்தபடியே சிரித்தேன்கூட. அந்த நேரத்தில் தம்பி எங்கே, எப்படிக் கிடந்தான் என்பதை இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

எங்கள் பக்கம் களி என்றால் விளையாட்டு. பொணக்களி எங்கள் பிள்ளைகள் கூட்டம் தானே கண்டுபிடித்தது. எனக்குப் பதினொன்று, தம்பிக்கு ஒன்பது. கோடை விடுமுறை. ஆறு கடலில் சேரும் இடத்தைப் பொழி என்போம். கோடையில் மணல் திட்டு அதன் வாயை அடைத்துவிடும். உள்ளே தண்ணீர் அலையில்லாமல் தேங்கி நிற்கும். மேலே வெந்நீர்போல இருக்கும், காலை இறக்கினால் கீழே குளிரும். கரையோரம் கயிறு திரிப்பதற்காக ஊறப்போட்ட தேங்காய்த் தொண்டு அழுகி ஒரு நாற்றம். எங்கள் மணல் கறுப்பு மணல் என்பது உங்களுக்குத் தெரியும். நடுமதியத்தில் அதன்மேல் நடக்க முடியாது, ஓடத்தான் முடியும்.

ஆட்டம் இதுதான்: மூன்று நான்கு பேர் தண்ணீரில் மல்லாந்து, கண்ணை மூடி, பிரேதம்போலக் கிடக்க வேண்டும். கை கால் அசைத்தால் தோல்வி. சிரித்தால் தோல்வி. கரையில் இருப்பவர்கள் எண்ண வேண்டும், ஒப்பாரி வைத்துச் சிரிக்க வைக்கவும் வேண்டும். எண்ணும் வேலையும் ஒப்பாரியும் என்னுடையவை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மாரில் அடித்து,

"நெத்திலி பொரிச்சு வெச்சேன், தின்ன ஒரு வாயில்லையே
நிக்கரு தொவச்சு வெச்சேன், மாட்ட ஒரு காலில்லையே"

என்று நான் இழுத்தால் பிரேதங்கள் ஒவ்வொன்றாகச் சிரித்து, வாயில் தண்ணீர் போய், இருமிக்கொண்டு எழுந்துவிடும்.

தம்பி மட்டும் எழமாட்டான். அப்பாவின் பழைய சட்டை ஒன்று, நீலக் கட்டம் போட்டது, முழங்கால்வரை தொங்கும். அதைக் கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டுதான் தண்ணீரில் இறங்குவான். வெயில் பட்டால் தோல் பொரிகிறது என்பான். முகத்தில் ஈர மணலை வீசினாலும் இமை துடிக்காது. அறுநூறுவரை எண்ணியிருக்கிறேன். பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து போட்டி போட்டுத் தோற்றுப் போனார்கள். "ஒனக்க தம்பி மனுசனா, கட்டையாட்டி?" என்று ஒருத்தன் கேட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது. அவன் ஜெயித்ததையெல்லாம் நான் ஜெயித்ததாகவே வைத்திருந்தேன்.

அதே கோடையில் வீட்டில் வேறொரு சச்சரவு ஓடியது. அப்பாவின் வலையிலிருந்து மிதவைகள் காணாமல் போயின. இலேசான மரத்தில் கைப்பிடி அளவுக்குச் செதுக்கி, கறுப்புச் சாயம் ஏற்றிய கட்டைகள். வலையின் மேல்கயிற்றைத் தண்ணீருக்கு மேல் பிடித்து வைப்பது அவைதான். இன்று ஒன்று, நான்கு நாள் கழித்து ஒன்று. கயிற்றைக் கத்தியால் அறுத்த தடம் இருந்தது. எதிர்வீட்டில் இருந்தவரை நாங்கள் பெரியப்பா என்று கூப்பிடுவோம். உறவில்லை, ஆனால் உறவைவிட மேல். அவருடைய வலையிலும் அதே கறுப்பு மிதவைகள்தான். அப்பா பார்த்தார், கணக்குப் போட்டார், ஒரு நாள் பூசை முடிந்த கூட்டத்தில் வைத்துக் கேட்டேவிட்டார்.

"ஓய், வேணும்னா கேட்டு எடுக்கணும். அறுத்து எடுக்கப்பிடாது."

பெரியப்பாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் என்னவோ ஆகிவிட்டது. "எனக்க பிள்ளையளுக்கு மேல சத்தியம்" என்றார். அப்பா, "பிள்ளையள ஏன் இழுக்கீரு?" என்று கேட்டு அவர் மாரில் கை வைத்துத் தள்ளினார். நான் தம்பியின் கையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் கை வியர்த்திருந்தது. என் கையும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை. அப்பா செத்தபோதுகூடப் பெரியப்பா வாசல்வரை வந்து, உள்ளே ஏறாமல், சற்று நேரம் நின்றுவிட்டுப் போனார்.

பொணக்களியை அம்மாதான் முடித்து வைத்தாள். தொண்டு எடுக்க வந்தவள், தண்ணீரில் மகன் மல்லாந்து கிடப்பதையும் கரையில் மகள் மாரடித்து அழுவதையும் கண்டாள். அவள் போட்ட சத்தம் எந்த ஒப்பாரியிலும் இல்லாதது. சேலையோடு தண்ணீரில் விழுந்தாள். அவள் கை எட்டுவதற்குள் தம்பி புரண்டு நீந்தி அக்கரையில் போய் ஏறினான். வெகுநேரம் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான்.

சாவை விளையாட்டுக்குக் கூப்பிட்டதற்காக அப்பா என்னை வலைக்கயிற்றால் அடித்தார். மூத்தவள் நான், ஒப்பாரியும் என்னுடையது. அம்மா அந்த நீலக் கட்டச் சட்டையை அடுப்பில் வைத்தாள். தம்பிக்கு அடி இல்லை. "பொணமா கெடந்து பழகுனவன் கடல்ல நின்னு பழகட்டு" என்று சொல்லி மறுநாள் அப்பா அவனை வள்ளத்தில் ஏற்றினார். பள்ளிக்கூடம் திறந்தபோது நான் மட்டும் போனேன். பிறகு டீச்சர் ஆனேன். அவன் நாலாம் வகுப்போடு சரி. என் ஒப்பாரிதான் அவன் படிப்பை நிறுத்தியது என்று எனக்குள் ஒரு எண்ணம் உண்டு. அவனிடம் ஒரு தடவை சொன்னேன். "போட்டும் அக்கா" என்று பேச்சை மாற்றிவிட்டான்.

நாலு இருபதுக்குக் கதவு தட்டப்பட்டது. தம்பியின் மனைவி.

"மைனி, அவரு இங்க வந்தாரா?"

"இல்லியே. தூங்குவான்னு நெனச்சேன்."

அவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். "மைனி, ஆருட்டயும் சொல்லாதீங்க. நேத்து சிங்கிறால் வலய எடுக்க முடியல்ல. இண்ணைக்கும் கெடந்தா எல்லாம் செத்துப் போவும்னு பூச முடிஞ்ச ஒடனே தனியா போனாரு. ரெண்டு மணிக்குள்ள வந்திருவேன்னாரு. வயர்லெஸ்கூட எடுக்கல்ல. அதுல பேசுனா ஊருக்கே கேக்கும்லா."

பீரோ சாவி இடுப்பில்தான் இருந்தது. மதியம் தம்பி எனக்கு அடித்தது மகளைத் தேடித்தான் என்று உறைத்ததும் திறந்தேன். மகள் போனை வாங்கிப் பார்த்தாள். ஒன்பது தவறிய அழைப்புகள். ஒன்று ஐம்பத்திரண்டுக்கு ஒரு லொகேஷன். வலை போட்ட இடம் மறந்துபோனால் அவன் இவளுக்குத்தான் அனுப்புவான். இவள் பார்த்துச் சொல்வாள். அதற்குக் கீழே ஒரு குரல்பதிவு. காற்றுச் சத்தத்துக்கு நடுவே தம்பி சொன்னான்:

"மக்கா, வள்ளத்துல தண்ணி ஏறுது. எஞ்சினு நிண்ணுட்டு. ஊர்ல சொல்லாத. ரெண்டு பேர மட்டும் வரச் சொல்லு. அம்மைட்ட சொல்லாத, அவ பயப்படுவா."

அவ என்றது என்னை.

மகள் செருப்புப் போடாமல் மீன் ஏலக்கூடத்துக்கு ஓடினாள். அங்கே சீட்டாடிக்கொண்டிருந்த ஆட்களிடம், "மாமா கடல்ல கெடக்காரு" என்றாள்.

"ஞாயித்துக்கெழமையா?" என்று ஒருவர் கேட்டார்.

"தெண்டம் பொறவு போடுங்க. இப்ப வள்ளத்த எறக்குங்க."

நான்கு வள்ளங்கள் இறங்கின. கரையிலிருந்து கொஞ்ச தூரம்வரை போன் எடுக்கும்; நான்கு பேரையும் ஒரே அழைப்பில் சேர்த்துக்கொண்டு அவள், கடலுக்குள் கல் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவின் கல்லில் ஏறி நின்றாள். ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, பேனாவால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டாள். முட்டம் வெளிச்சவீட்டுப் பக்கம் கிழக்கு, கடியப்பட்டணம் பக்கம் மேற்கு.

எல்லாரும் அந்த லொகேஷனுக்கே நேராகப் போனார்கள். "அங்க எல்லாரும் போவாதீங்க" என்றாள். "அது மத்தியானம் அவரு இருந்த எடம். இப்ப அஞ்சு மணி."

"ஏட்டி, எனக்கு இருபத்தஞ்சு வருசமா கடலத் தெரியும்" என்று போனில் ஒரு குரல்.

"கடலத் தெரியும் அண்ணே. மத்த மூணு வள்ளம் எங்க பாத்துதுன்னு தெரியுமா? இப்ப நீங்க எங்க இருக்கிய?"

"இந்தா, இங்கதான்."

"இங்கன்னா எங்க?"

அதே குரல். மதியம் ஒரு மணிக்குத் தரையில் படுத்திருந்து பேசிய அதே சொற்கள். ஒரு வார்த்தை அதிகமில்லை. பார்த்த கட்டத்தை அடித்துக்கொண்டே வந்தாள். போனில் அழுத ஒருவரை, "அழுகிறதா இருந்தா லைன விட்டுப் போங்க" என்றாள். என் வயிற்றில் பிறந்தவள்தானா என்று பார்த்தேன். எனக்கும் அழுகை வந்தது. ஆனால் வாயைத் திறந்தால், நம்புவீர்களோ என்னவோ, "நெத்திலி பொரிச்சு வெச்சேன்" என்றுதான் வந்தது. முந்தானையைக் கடித்துக்கொண்டேன். எந்த விளையாட்டு எந்த நேரத்தில் எழுந்து வரும் என்று யார் கண்டது.

"ஒனக்க வெளையாட்டுலயும் நீதான் கெட்டிக்காரியா?" என்று கேட்டேன். ஏன் அப்போது கேட்டேன் என்று தெரியவில்லை.

அவள் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நான் அதுல மொதல்லயே செத்துருவேன் அம்மா. செத்த பொறவு எல்லாரையும் பாக்க முடியும். அப்ப மத்தவங்களுக்கு வழி சொல்லுவேன்."

ஐந்தே காலுக்கு இரண்டாவது வள்ளத்திலிருந்து, "வள்ளம் கெடைச்சுட்டு. கவுந்து கெடக்கு. ஆளு இல்ல" என்றார்கள். தம்பியின் மனைவி மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் எனக்குப் பின்னால் யாரோ நிற்பதைக் கவனித்தேன். எதிர்வீட்டுப் பெரியப்பா. எண்பதைத் தாண்டிவிட்டார். ஒரு கையில் கம்பு, ஒரு கை கண்ணுக்கு மேலே. என்னைப் பார்க்கவில்லை. கடலைப் பார்த்து, யாரிடமும் சொல்லாததுபோலச் சொன்னார்:

"வள்ளத்தக் காத்து தள்ளும். மனுசன நீவாடு கொண்டு போவும்." கடலுக்குள் ஓடும் நீரோட்டத்துக்கு நீவாடு என்று பெயர். "இண்ணைக்கு நீவாடு கெழக்க, பைய போவுது. அவன் நீந்துனா கரையப் பாத்து வடக்க வருவான். சும்மா கெடந்தா கெழக்க போவான்."

அடிக்காமல் இருந்த கட்டங்கள் இரண்டு பக்கமும் இருந்தன. வெயில் மஞ்சளாகிவிட்டது. இரண்டு பக்கமும் பார்க்க நேரமில்லை. மகள் முதல் தடவையாக என் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, மாமா நீந்துவாரா, கெடப்பாரா?"

தொண்டு நாற்றம் மூக்கில் வந்தது. நீலக் கட்டச் சட்டை. அறுநூறு.

"கெடப்பான்" என்றேன்.

"நெச்சயமா?"

"ஒப்பாரி வெச்சாலும் அசைய மாட்டான். கெடப்பான்."

அவள் போனில், "நாலு வள்ளமும் கெழக்க" என்றாள். வடக்குப் பக்கக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டாள். பார்க்காத அந்தக் கட்டங்களைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஐம்பதைத் தாண்டியவன். சர்க்கரை உண்டு. ஒன்பது வயதுப் பையன் தேங்கிய தண்ணீரில் செய்ததை நம்பி ஒரு பக்கக் கடலையே கைவிடச் சொல்லிவிட்டேன். பெரியப்பா கம்பை ஊன்றி என் பக்கத்தில் நின்றார். நாற்பது வருடத்துக்கு மேல் அவரும் நானும் அவ்வளவு கிட்ட நின்றதில்லை. அவரிடமிருந்து புகையிலை வாசம் வந்தது. சின்ன வயதிலும் அதே வாசம்தான்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போனில் முதலில் வெறும் இரைச்சல் கேட்டது. பிறகு, "கெடைச்சுட்டான்! உசுரு இருக்கு! மக்கா, உசுரு இருக்கு!"

மகள் அந்தக் கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். பேனாவை மூடினாள். அதன்பிறகுதான் கல்லிலேயே உட்கார்ந்தாள்.

காத்திருந்த அந்த அரைமணி நேரத்தில் நான் கூட்டத்திடம் எவ்வளவு பேசினேன் என்று எனக்கே இப்போது வெட்கமாக இருக்கிறது. பொணக்களியைச் சொன்னேன். அறுநூறு எண்ணியதைச் சொன்னேன். அடித்து நிறுத்திய விளையாட்டுதான் இன்றைக்கு ஆளைக் காப்பாற்றியது, பிள்ளைகளின் விளையாட்டை நாம் குறைவாக நினைக்கக் கூடாது என்று டீச்சர் குரலிலேயே சொன்னேன். பங்குச்சாமியார்கூடத் தலையாட்டினார்.

வெளிச்சம் இருக்கும்போதே வள்ளம் கரையில் ஏறியது. இரண்டு பேர் தாங்கி தம்பியை இறக்கினார்கள். உதடு வெளுத்து, கண் சிவந்து, உப்பில் ஊறிய கைவிரல்கள் வெள்ளையாகச் சுருங்கியிருந்தன. சட்டை கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தது. இடுப்பில் கயிறு சுற்றி இறுக்கியிருந்தான். முதுகு கூன் விழுந்ததுபோலப் புடைத்திருந்தது. அவன் மனைவி அழுதுகொண்டே கயிற்றை அவிழ்த்தாள். சட்டைக்குள்ளிருந்து நான்கு பிளாஸ்டிக் மிதவைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கறுப்பு மணலில் விழுந்தன. வலையிலிருந்து கத்தியால் அறுத்தெடுத்தவை.

ஒன்று உருண்டு என் காலடியில் வந்து நின்றது. அதைப் பார்த்தேன். சட்டையைப் பார்த்தேன். எனக்கு எதுவும் புரியாததுபோலவும் இருந்தது, எல்லாம் புரிந்ததுபோலவும் இருந்தது.

தம்பி மனைவியைப் பார்க்கவில்லை. கையைப் பிடித்த மருமகளைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் கண்ணை ஓட்டித் தேடி, கம்பை ஊன்றி நின்றவரிடம் வந்ததும் நிறுத்தினான். பற்கள் குளிரில் கடகடவென்று அடித்ததால் மெதுவாகத்தான் சொன்னான்:

"பெரியப்பா, அப்பாக்க வலையில அறுத்தது நாந்தான். சட்டைக்குள்ள வெச்சுதான் கெடந்தேன். அக்கா எண்ணுன அறுநூறும் கள்ளம்."